தேவ சித்தம் தேடுகிறவருக்கு: எங்கே தொடங்குவது?

ஆராதனை முடிந்து, வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளில் அவரவர் ஜோடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் இந்தக் கேள்வி வரும். "அண்ணே, ஒரு நிமிஷம். என் வாழ்க்கையைப் பற்றி தேவனுடைய நோக்கம் என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" கேட்பவர் பெரும்பாலும் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர். சில சமயம் தொட்டிலிலிருந்தே கோவிலுக்கு வந்தவராகவும் இருப்பார். வேலையோ கல்யாணமோ கைநழுவிப் போனபிறகு முதல்முறையாக நிஜமாகவே கேட்பார்.

செருப்பு மாட்டும் நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. வாலிபர் கூட்டத்தில் பல வருஷமாகத் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் போதகர் இல்லை. பஞ்சாலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். இதில் உள்ள பாதி, நான் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது.

முதலில் சில சுமைகளை இறக்குங்கள்

நம் சபைகளில் 'நோக்கம்', 'அழைப்பு' என்று சொன்னதுமே ஒரு படம் மனதில் வந்துவிடும்: வேலையை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையும் வேதாகமுமாக முழுநேர ஊழியத்துக்குப் போவது. மற்ற எல்லாம் பிழைப்பு, அது ஒன்றுதான் அழைப்பு.

என்னைப் பெறுவதற்கு முன் என் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் தவறிப்போயின. மூன்றாவது பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்று பொருத்தனை செய்துகொண்டார். அந்த மூன்றாவது நான். எனக்கு 23 வயதானபோது வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், கூட்டத்தின் நடுவில் என்னைக் கைகாட்டி, "இந்த வாலிபனைக் கர்த்தர் தேசங்களுக்கு அனுப்புகிறார்" என்றார். அம்மா அழுதுவிட்டார். நான் அடுத்த வாரமே வேலையை விட்டேன். எட்டு மாதம் கிராமம் கிராமமாகப் போனேன். மூன்றாவது வாக்கியத்தில் தொண்டை வறண்டுவிடும், நாலாவது வாக்கியம் மறந்துவிடும். கேட்டவர்கள் பொறுமைசாலிகள். கடைசியில் திரும்பி வந்து, விட்ட வேலையையே கேட்டு நின்றேன். எனக்குப் பேசும் வரம் இல்லை என்று என்னோடு வாலிபர் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். நான் அவர்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ட்டின் லூத்தர் 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இந்த மேல்-கீழ் பிரிவைத்தான் உடைத்தார். செருப்புத் தைப்பவர், கொல்லர், உழவர் எல்லோருக்கும் அவரவர் தொழிலும் பொறுப்பும் உண்டு, ஆனாலும் எல்லோரும் ஒன்றுபோல அபிஷேகம்பெற்ற ஆசாரியர்களே என்று எழுதினார். அதற்கும் வெகுகாலம் முன்பே வேதாகமத்தில் இது இருக்கிறது. தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் முதன்முதலில் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஆள் பெசலெயேல் (யாத்திராகமம் 31). அவர் தீர்க்கதரிசி இல்லை, ராஜாவும் இல்லை. பொன், வெள்ளி, வெண்கலம், மரம், இரத்தினக்கல் ஆகியவற்றில் வேலை செய்யும் கைவினைஞர்.

இறக்க வேண்டிய இன்னொரு சுமை, பயம். தேவன் நம் வாழ்க்கைக்கு ஒரே ஒரு வரைபடம் போட்டு எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார், ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு என்கிற பயம். வேதத்தில் வரும் ஆட்களைப் பாருங்கள். திருப்பத்தைத் தவறவிடாதவர் யார்? மோசே கொலை செய்துவிட்டு ஓடினார். பேதுரு மறுதலித்தார். அதோடு அவர்களை விட்டுவிட்டு வேறு ஆள் தேடப்படவில்லை.

படி 1: ஒரு வேதாகமம், ஒரு நோட்டு

தமிழில் பரவலாகப் புழங்கும் வேதாகமங்கள் இரண்டு. புராட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கப்படுவது 1871ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பு வழியாக வந்த பழைய நடை. ஸ்தோத்திரம், சிருஷ்டி, கிருபை என்று வடமொழி வாசனை தூக்கலாக இருக்கும். காதுக்குப் பழகிவிட்டால் அதன் ஓசைக்கு ஈடில்லை. இன்னொன்று, கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம், இன்றைய தமிழ். புதியவர் இதில் தொடங்கினால் தடங்கல் குறைவு. ஆனால் ஒரு குழப்பம் வரும்: ஒன்றில் சங்கீதம், மற்றதில் திருப்பாடல்கள், ஒன்றில் யாத்திராகமம், மற்றதில் விடுதலைப் பயணம். கர்த்தர் இங்கே ஆண்டவர் ஆகிவிடுவார். பொருளடக்கப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு அறிவிக்கப்படும்போது பக்கம் புரட்டித் திணற வேண்டியிருக்காது.

ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் ஏராளம். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான், சத்தமாக வாசித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல்முறை ஒரே மூச்சில் கதையாக வாசியுங்கள். இரண்டாம் முறை நாளுக்கு ஒரு அதிகாரம். ஒவ்வொரு அதிகாரத்திலும் இயேசு யாருக்காக நின்றார், எதற்காகக் கோபப்பட்டார் என்று மட்டும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் எதிர்காலத்தைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் எழுதுங்கள். ஒருவருடைய விருப்பம் என்ன என்று தெரிய வேண்டுமானால் முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டாமா?

செய்யக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் படும் வசனத்தை இன்றைய கட்டளையாக எடுப்பது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையையும் இதே மாதிரிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அட்டையைச் சுவரில் ஒட்டுங்கள், ஆறுதலாக இருக்கும், தப்பில்லை. அதை வைத்துப் பெண் பார்க்கப் போகாதீர்கள்.

படி 2: ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதைச் செய்யுங்கள்

'தேவனுடைய சித்தம்' என்ற சொற்களையே பயன்படுத்தி வேதம் நேராகச் சொல்லும் இடங்கள் சில உண்டு. அவற்றைத் தேடிப் படித்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. எந்த ஊரில் வேலை, யாரோடு கல்யாணம் என்று ஒரு இடத்திலும் இல்லை. 1 தெசலோனிக்கேயர் 4:3, நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும் என்பதே சித்தம் என்கிறது. அதே நிருபம் 5:18, எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்வது சித்தம் என்கிறது. மீகா 6:8 இன்னும் நேரடி: "நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதை அல்லாமல் வேறே என்னத்தைக் கர்த்தர் உன்னிடத்தில் கேட்கிறார்."

ஆக, சித்தத்தின் பெரும்பகுதி வெட்டவெளிச்சமாக எழுதப்பட்டிருக்கிறது. நாம் ராத்திரி விழித்திருந்து தேடுவது மீதியுள்ள சின்னப் பகுதியை. அலுவலகத்தில் கள்ளக் கணக்கு எழுதிக்கொண்டே, "ஆண்டவரே, உம்முடைய சித்தத்தைக் காட்டும்" என்று உபவாசம் இருப்பது ஒரு வகையில் வேடிக்கை. (என் தொழிலில் இந்தச் சோதனை வருஷம் தவறாமல் மார்ச் மாதம் வரும்.)

இந்தப் படிக்கு ஒரு வீட்டுப்பாடம். நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தும் செய்யாமல் தள்ளிப்போடும் காரியங்களை எழுதுங்கள். வாங்கிய கடன், பேசாமல் இருக்கும் அண்ணன், பாதியில் விட்ட படிப்பு, யாருக்கும் தெரியாத பழக்கம். ஒன்றை மட்டும் எடுத்து இந்த மாதத்துக்குள் முடியுங்கள்.

வேறு மதக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டில் கோபமும் கண்ணீரும் இருக்கும். புது விசுவாசத்தின் சூட்டில், பூஜையறைப் பக்கமே வரமாட்டேன் என்று அம்மாவிடம் சண்டை போடுவதை வைராக்கியம் என்று சிலர் பாராட்டுவார்கள். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்பதும் கட்டளைதான், அதுவும் பத்தில் ஒன்று. உங்கள் விசுவாசத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதும், தங்கையின் கல்யாணத்துக்கு உழைப்பதும் இப்போது முன்னைவிட அதிகமாக உங்கள் வேலை.

படி 3: இரவில் பத்து நிமிடம்

சென்னை லொயோலா கல்லூரியின் பெயர் தெரியாதவர் இல்லை. லொயோலா என்பது ஸ்பெயினில் பாஸ்க் நாட்டில் உள்ள ஒரு இடம். அங்கே பிறந்த படைவீரர்தான் இஞ்ஞாசியார். 1521இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. மாதக்கணக்கில் படுக்கை. வாசிக்க வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் சரித்திரமும்தான். பொழுதுபோகாமல் வாசித்தார். அப்போது ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். போரும் புகழும் சீமாட்டியின் காதலுமாகக் கனவு கண்டால் அந்த நேரம் இனிக்கிறது, முடிந்ததும் மனம் வறண்டுவிடுகிறது. புனிதர்களைப் போல வாழ்வதாகக் கனவு கண்டால், முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்குகிறது. இந்தச் சின்னக் கவனிப்பிலிருந்து அவருடைய வழிமுறை முழுவதும் வளர்ந்தது. அவர் தொடங்கிய இயேசு சபையைச் சேர்ந்த சவேரியார்தான் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர்.

நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் அவர் கற்றுக்கொடுத்த இரவு ஜெபத்தைவிடப் பயனுள்ள ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. அதில் ஐந்து பகுதிகள். முதலில், அன்று கிடைத்தவற்றுக்கு நன்றி. பிறகு, நாளைச் சரியாகப் பார்க்க வெளிச்சம் கேட்பது. அப்புறம் காலையிலிருந்து ஒவ்வொரு மணி நேரமாக அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது. எங்கே மனம் உயிரோடு இருந்தது, எங்கே வறண்டது என்று. தவறியதற்கு மன்னிப்பு கேட்பது. கடைசியாக, நாளைக்கு ஒரு சின்னத் தீர்மானம். பத்து நிமிடம் போதும், பாய் விரித்த பிறகு செய்யலாம்.

உயிரோடு இருந்த இடத்தையும் வறண்ட இடத்தையும் தேதி போட்டு நோட்டில் ஒவ்வொரு வரி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரிகள் வந்திருக்கும். யாரோ ஒருவர் மேடையிலிருந்து கைநீட்டிச் சொல்வதைவிட, உங்கள் கையெழுத்திலேயே இருக்கும் அந்த வரிகள் நம்பகமானவை.

படி 4: கையில் என்ன, மனதில் என்ன பாரம்

மோசே சாக்குப்போக்குச் சொன்னபோது கர்த்தர் கேட்ட கேள்வி, "உன் கையில் இருக்கிறது என்ன?" ஒரு கோல் என்றார் மோசே. நாற்பது வருஷம் ஆடு மேய்த்த கோல். அப்போது அவருக்கு வயது 80.

கையில் இருப்பதை எழுதும்போது நம்மவர்கள் பாட்டு, பிரசங்கம், கீபோர்டு என்று மேடைக்குரியவற்றை மட்டுமே எழுதுவார்கள். நூறு பேருக்குச் சமைக்கத் தெரியும், கோபக்காரரைச் சமாதானப்படுத்தத் தெரியும், பம்புசெட் பழுதுபார்க்கத் தெரியும், இரவில் நோயாளி பக்கத்தில் தூங்காமல் உட்காரத் தெரியும் என்பதெல்லாம் பட்டியலில் வரவே வராது. அப்போஸ்தலர் 9இல் தொற்காள் என்னும் தபீத்தாள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது அவர் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்தான்.

என் கையில் இருந்தது கணக்கும், அரசு விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்பும் பழக்கமும். ஊழியத்தில் தோற்றுத் திரும்பி இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிறு ஒரு பாட்டி விதவை உதவித்தொகைப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். கணவரின் இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறு பெயர். இ-சேவை மையத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன். மறுவாரம் இருவர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம், சபையையே சேராத பக்கத்துத் தெரு முஸ்லிம் அம்மா ஒருவர். இப்போது ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் பிறகு ஒரு மேசை போடுகிறோம். வாலிபர்கள் மூன்று பேர் கூட உதவுகிறார்கள். நான் இதை ஊழியம் என்று நினைக்கவே இல்லை. எங்கள் ஐயரம்மாதான் (போதகரின் மனைவி) ஒருநாள் டீ கொடுத்துக்கொண்டே, "அம்மாவோட பொருத்தனை நிறைவேறிடுச்சு போல" என்றார்.

திறமை ஒரு பக்கம். நம் சபைகளில் புழங்கும் 'பாரம்' என்ற சொல் இன்னொரு பக்கம். எல்லோரும் கடந்துபோகும் ஒரு துன்பம் உங்களை மட்டும் தூங்கவிடாமல் செய்வது. ஐடா ஸ்கடர் கதை இதற்குச் சரியான உதாரணம். அவர் தாத்தா 1819இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவ மிஷனரி. அப்பாவும் மருத்துவ மிஷனரி. ஐடாவுக்கு அந்த வாழ்க்கையே வேண்டாம். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, அம்மாவுக்கு உடல்நலமில்லை என்று 1890களில் திண்டிவனம் வந்தார், திரும்பிப் போகிற எண்ணத்தோடு. ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்தார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட வழக்கம் இல்லை, ஐடாவோ மருத்துவர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா திரும்பி அமெரிக்கா போனார்தான், மருத்துவம் படிக்க. 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை என்றால் இந்தியா முழுக்கத் தெரியும்.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் சொல்லும்போது அந்த இரவோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு வந்த ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. பாரம் வந்த மறுநாளே அவர் ஆஸ்பத்திரி திறக்கவில்லை. உடற்கூறியல் பாடம் படிக்கப் போனார்.

ஆகவே நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: கையில் இருப்பது, மனதை அரிப்பது. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் உடனே தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 5: ஒரே சபையில் ஒரு சின்ன வேலை

தனியாக அறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கக் கூடிய விஷயம் இல்லை இது. ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷமாவது அங்கேயே இருங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே, எதுவானாலும் பார்க்க வேண்டியவை சில. வேதம் வாசிக்கப்படுகிறதா? காணிக்கைக் கணக்கு சபையாருக்குக் காட்டப்படுகிறதா? போதகரிடம் "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று ஒருவர் சொல்ல முடிகிறதா? சாதி பார்த்து உட்காரும் சபையாக இருந்தால் வேறு சபை பாருங்கள்; நம் ஊரில் இது இன்னும் கேட்க வேண்டிய கேள்விதான்.

சேர்ந்த பிறகு போதகரிடம் போய் "என் வரம் என்ன?" என்று கேட்காதீர்கள். "என்ன வேலை இருக்கிறது?" என்று கேளுங்கள். பாய் சுருட்டுவது, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவது, அசன விருந்தில் வெங்காயம் உரிப்பது. எங்கள் பக்கம் அசனம் என்றால் மூட்டைக் கணக்கில் அரிசி வேகும். அந்த ஒரு இரவு வேலையில் யார் பொறுப்பாளி, யார் பொறுமைசாலி, யார் காணாமல் போகிறவர் என்று எல்லாம் தெரிந்துவிடும், உங்களைப் பற்றி உங்களுக்கும். ஆறு மாதம் ஒரு வேலை, பிடிக்கவில்லையானால் இன்னொன்று.

வேறு சபையாரைப் பார்ப்பதும் சில சமயம் கண்ணைத் திறக்கும். தூத்துக்குடிப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் அசரியா, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியர்களை அனுப்பி மிஷன் நடத்துவதைப் பார்த்தார். இத்தனை சபைகள் உள்ள திருநெல்வேலியில் நாம் இதைச் செய்யவில்லையே என்று வெட்கப்பட்டார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. தெலுங்கு பேசும் பகுதியில் அதன் பணித்தளமான தோர்ணக்கல்லுக்கு 35 வயதில் தானே போய்த் தெலுங்கு படித்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

எல்லோரும் தோர்ணக்கல் போக வேண்டியதில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப்பாக நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர். தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்தார், பெண்கல்விக்காக எழுதினார், தாது வருஷப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்காகப் பாடினார், உதவினார். தமிழின் முதல் நாவலும் அவருடையதுதான், 1879இல். அவரை யாரும் ஊழியக்காரர் என்று அழைத்ததாகத் தெரியவில்லை.

படி 6: தீர்மானம் எடுக்கும் நேரம்

வேலை மாறுவது, வரன் முடிப்பது, வெளிநாடு போவது. இங்கேதான் நம்மவர்கள் அடையாளம் தேட ஆரம்பிப்பார்கள். கிதியோன் தேவனிடம் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோல் போட்டாரே என்பார்கள். நியாயாதிபதிகள் 6ஐ நிதானமாக வாசியுங்கள். தோல் போடுவதற்கு முன்பே அவருக்குத் தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. "நீர் சொன்னபடி" என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பயத்தால் இன்னொரு முறை கேட்டார், தேவன் இரங்கினார். அது நமக்கு முறை ஆகாது. திருவுளச்சீட்டும் அப்படியே. யூதாசின் இடத்துக்கு ஆள் தேடியபோது மத்தியாவுக்குச் சீட்டு விழுந்தது, பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்கு முன். அதற்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் சீட்டுப் போட்ட கதை இல்லை.

தீர்க்கதரிசனம் என்று யாராவது சொன்னால் உதறவும் வேண்டாம், உடனே ராஜினாமாக் கடிதமும் எழுத வேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 5:20-21 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: அற்பமாக எண்ணாதே, சோதித்துப் பார். சொல்கிறவர் கூடவே காணிக்கைத் தொகையும் சொன்னால், சோதனை அங்கேயே முடிந்தது, எழுந்து வந்துவிடுங்கள்.

நான் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். தீர்மானத்தை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். உங்களை நன்றாகத் தெரிந்த மூன்று பேரிடம் காட்டுங்கள். மூவரில் ஒருவராவது உங்களை மறுத்துப் பேசத் தயங்காதவராக இருக்கட்டும். அப்புறம் இஞ்ஞாசியார் சொன்ன இரண்டு கற்பனைகள். முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் அவருக்கு என்ன சொல்வீர்கள்? மரணப் படுக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தால் எதைச் செய்திருக்க விரும்புவீர்கள்? இரண்டு பதிலையும் எழுதி, ஒரு வாரம் அதை ஜெபத்தில் வைத்திருங்கள். அவருடைய இன்னொரு விதி எனக்கு வேலையையே காப்பாற்றியிருக்கிறது: மனம் இருண்டு வறண்டு கிடக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வழியும் நல்லதாகவே தெரிந்தால்? சரி, பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளை எந்த நிறச் சட்டை போட வேண்டும் என்று தகப்பன் ஒவ்வொரு நாளும் கட்டளையிடுவதில்லை.

கதவு திறக்காதபோது

அப்போஸ்தலர் 16இல் பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்த்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், மறுபடியும் தடை. கடைசியில் துரோவா துறைமுகத்தில் ஒரு தரிசனம், மக்கெதோனியாவுக்கு வா என்று. அங்கே போனால் ஆற்றங்கரையில் சில பெண்கள். இரத்தாம்பரம் விற்கும் லீதியாள் கேட்டார், நம்பினார், தன் வீட்டைத் திறந்துகொடுத்தார். அவர் வியாபாரத்தை விட்டதாக வசனத்தில் இல்லை.

ஏமி கார்மைக்கேல் முதலில் ஜப்பானுக்குத்தான் போனார். உடல் ஒத்துக்கொள்ளவில்லை. 1895இல் இந்தியா வந்தார். களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு வீடு கட்டினார். 1931இல் ஒரு விபத்து. அதன்பின் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையும் படுக்கையும்தான். அந்த இருபது ஆண்டுகளில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த இல்லம் இன்றும் நடக்கிறது.

காத்திருக்கும்போது எல்லோரும் பிடித்துக்கொள்ளும் வசனம் எரேமியா 29:11. சமாதானத்துக்கேதுவான நினைவுகள், எதிர்பார்த்திருக்கும் முடிவு. காலண்டரிலும் மோதிரத்திலும்கூட இருக்கிறது. அதற்கு முந்தைய வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை: பாபிலோனில் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமை மறுபடி பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்.

எனவே வேலை கிடைக்காமல் இருக்கும் தம்பிக்கும், பிள்ளை பிறந்து வேலையை விட்டு வீட்டில் இருக்கும் தங்கைக்கும் நான் சொல்வது இதுதான். இரவு நோட்டை விடாதீர்கள். ஞாயிறு வேலையை விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். முடிந்தால் இன்னொருவரையும் உட்காரவைத்துப் புரட்டுங்கள், நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

போன வருஷம் செருப்பு மாட்டும்போது என்னை நிறுத்திக் கேட்ட ஒரு தம்பி, இப்போது விண்ணப்ப மேசையில் எனக்கு இடதுபக்கம் உட்கார்கிறார். என்னைவிட அவருக்குப் பொறுமை அதிகம்; காது கேட்காத தாத்தாக்களை அவரிடம்தான் அனுப்புகிறேன். அந்தப் பழைய கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. வரிசையில் ஆள் நிற்கிறார்கள்.